செட்டியாருக்கு ஒரு பெரிய படம்

எக்ஸ்ரே வேனின் படிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் சாத்தப்பச் செட்டியார். அவரைத் தாண்டாமல் யாரும் உள்ளே ஏற முடியாது. ஏற விடப்போவதில்லை என்பது அவர் விசிறியை ஆட்டிய வேகத்திலேயே தெரிந்தது.

"எனக்குப் பெரிய படம் எடுக்காம இந்த வண்டி நகராது நர்ஸம்மா. பர்மாவுல எங்க கடைக்கு அடுத்த கட்டடமே ஆஸ்பத்திரி. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு இருந்தது. நான் திருமயத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர். டி.பி.யைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் ஸ்கேனைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறார்கள். பேசட்டும். எங்களுக்கு அந்த வேன்தான் இருந்தது, அதன் ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பேசவும் முடியாது.

1. மரியாதை முளைத்த கதை

வேன் முதல் தடவை வரும்போது ஊரில் வயது வந்த எல்லோருக்கும் நெஞ்சைச் சின்ன ஃபிலிமில் எடுப்போம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். புதுக்கோட்டையில் டாக்டர் அதை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால், அடுத்த தடவை அந்த ஆளை மட்டும் கூப்பிட்டுப் பெரிய ஃபிலிமில் எடுத்து, சளியையும் சோதிப்போம். "ஊர் நடுவுல நின்னு நோயாளின்னு கூவாதீங்க. பெரிய படத்துக்கு வரச் சொல்லுங்க, போதும்" என்பது டாக்டரின் உத்தரவு.

நல்ல உத்தரவுதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் காரணம் தெரியாமல் ஒரு வேளை சோறு சாப்பிட மாட்டார்கள். செட்டியாரின் ஊரில் முதலில் பெரிய படத்துக்கு அழைக்கப்பட்டவர் மணியக்காரர். அடுத்தவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். அவ்வளவுதான், ஆளின் தகுதி பார்த்துத்தான் கவர்மெண்டில் பெரிய படம் எடுக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. "எங்க மாமாவுக்குப் பெரிய படமாக்கும்" என்று ஒரு பெண் ஊருணிக் கரையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெருமை பேசியதை நானே கேட்டேன். நான் திருத்தவில்லை. மற்ற ஊர்களில் வேனைக் கண்டதும் கொல்லைப் பக்கமாக ஓடுகிறவர்களைத் துரத்திக் களைத்தவள் நான். இங்கே சலவை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால் எனக்கு என்ன கசக்கிறதா?

கசந்தது செட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்த அன்றைக்குத்தான். பெரிய படத்துக்கு டாக்டர் கூப்பிட்டது செட்டியாரை அல்ல, அவர் வீட்டில் சமைக்கும் செல்லாயியை.

செல்லாயி புருஷனை இழந்தவள், முப்பது வயது இருக்கும். அந்த வீட்டோடு தங்கிச் சமைத்தாள், வேறு போக்கிடம் கிடையாது. கன்னம் ஒட்டிப்போய், வேனுக்கு எட்டத்தில் புளியமரத்தடியில் நின்றாள். நான் போய்க் கையைப் பிடித்தேன். கை சுட்டது.

"மொதலாளிக்கு எடுக்காத படத்த நான் எடுத்துக்கிட்டு, அந்த வீட்டு அடுப்படிக்குள்ள எப்புடிங்க நொழையறது? அவுகளுக்கே எடுத்துருங்க" என்றாள்.

"ஒனக்குத்தான் எடுக்கணும் செல்லாயி."

"எனக்கு என்னங்க தகுதி இருக்கு?"

இருமிக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரே சுற்றி நிற்கும்போது என்ன சொல்வது? வேன் திரும்பி வர மாதக்கணக்காகும், அதுவரை அவள் தாங்குவாளா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நேராக டெக்னீஷியன் சேவியரிடம் போனேன். "ரெண்டு பேருக்கும் எடுத்துருங்க. செட்டியாருக்கு மொதல்ல."

"ஃபிலிம் என்ன ஒங்க வீட்டுச் சீதனமா சிஸ்டர்? அவரோட சின்னப் படத்துல ஒண்ணுமே இல்ல. என்ன காரணம்னு டாக்டர்ட்ட சொல்றது?"

"அந்தப் புள்ள கையாலதான் மூணு வேளையும் சாப்பிடுறாரு. ஒரே வீடு. அதைச் சொல்லுங்க."

சேவியர் தலையைச் சொறிந்தார். கான்டாக்ட், அதாவது நோயாளியோடு ஒரே வீட்டில் பழகுகிறவர் என்பது, எங்கள் வேலையில் ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம்தான். கொஞ்சம் இழுத்துப் பிடித்த காரணம், அவ்வளவே.

2. மூச்சை இழுத்துப் பிடிங்க

செட்டியார் வேனுக்குள் ஏறியதே ஒரு காட்சி. அங்கவஸ்திரத்தைக் கழற்றச் சொன்னோம், கழற்றினார். ருத்திராட்சத்தைக் கழற்றச் சொன்னோம், முனகிக்கொண்டே கழற்றினார்.

"சங்கிலியுமா?"

"சங்கிலியுந்தாங்க."

"எல்லாத்தையும் கழட்டிப்புட்டா படத்துல இருக்குறது நான்தான்னு எப்புடித் தெரியும்?"

சேவியர் அவர் தோளைப் பிடித்து மிஷினோடு சேர்த்து நிறுத்தினார்.

"சிரிக்கணுமா தம்பி?"

"நெஞ்சு சிரிக்காதுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க."

படம் எடுத்து முடிந்தும் அவர் மூச்சை விடவில்லை. கண் பிதுங்கி நின்றவரை "விடுங்க, விடுங்க" என்று சேவியர் முதுகில் தட்டினார். கீழே இறங்கியதும் செட்டியார் செய்த முதல் காரியம், புளியமரத்தைப் பார்த்துக் கத்தியதுதான்.

"ஏ செல்லாயி, அங்கிட்டு என்ன வேடிக்கை? ஏறு! நம்ம வீட்டுல ரெண்டு பேருக்குப் பெரிய படம்னு அந்த மணியக்காரர் காதுல விழட்டும்."

செல்லாயி ஏறினாள்.

3. வீடு என்ற மருந்து

செட்டியாரின் நெஞ்சு சுத்தம். செல்லாயிக்கு வலது நுரையீரலின் மேல் பக்கத்தில் ஓட்டை, சளியில் கிருமி.

அதற்குச் சில வருஷம் முன்னால் என்றால் டி.பி. ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் படுக்கைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தே போய்ச் சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐ.என்.எச். மாத்திரையும் வந்துவிட்டன, வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று டாக்டர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு வீடு வேண்டுமே. செல்லாயிக்கு இருந்த ஒரே வீடு செட்டியாருடையது.

நான் போனபோது செட்டியார் முகப்பில் இருந்தார். அவர் மனைவி ஆச்சி தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"படம் நல்லா வந்துருக்கா?"

"ஒங்களுது ரொம்ப நல்லா வந்துருக்குங்க. செல்லாயிக்குத்தான் சரியா இல்ல."

விஷயத்தைச் சொன்னேன். பெரிய படம் எதற்கு என்பதையும் சொன்னேன். செட்டியாரின் விசிறி நின்றுபோனது.

"அப்ப மணியக்காரருக்கு..."

"மத்தவுக சங்கதிய நான் பேச மாட்டேங்க."

"இந்தா, அவளை இன்னைக்கே அனுப்பு!" என்று ஆச்சி பக்கம் திரும்பினார்.

நான் குரலை உயர்த்தவில்லை.

"அனுப்புங்க ஐயா. ஏன்னு ஊரு கேக்கும்."

"நோயின்னு சொல்லுவேன்."

"எப்புடித் தெரிஞ்சுச்சும்பாக. பெரிய படத்துலன்னு சொல்லணும். அதை ஐயாவுக்கும் எடுத்தத ஊரே நின்னு பாத்துச்சு. அதுவும் மகளுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல..."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நீங்க ஊசி போட வேண்டியவுக இல்ல, நர்ஸம்மா. எங்க ரங்கூன் கடையில உக்காந்திருக்க வேண்டியவுக" என்றார் செட்டியார் கடைசியில்.

தோட்டத்துப் பக்கம் ஜன்னல் வைத்த அறை செல்லாயிக்குக் கிடைத்தது. சமையலுக்கு வேறு ஆள் வந்தார். வீட்டில் எல்லோரையும் சோதித்தோம், யாருக்கும் எதுவும் இல்லை. நான் பஸ்ஸில் போய் ஊசி போட்டேன். குமட்டுகிறது என்று அவள் மாத்திரையைத் துப்பப் பார்த்த நாட்களில் ஆச்சி எதிரே நின்று முழுங்க வைத்தார். செட்டியார் அந்தப் பக்கமே வரமாட்டார். நடையிலிருந்து, "முழுங்கிட்டாளா?" என்று குரல் மட்டும் வரும்.

வருஷம் திரும்பியது. சளியில் கிருமி இல்லை, படத்தில் ஓட்டை மூடியிருந்தது. சமைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்லாயி குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அங்கே ஆச்சி வழியை விடவில்லை.

"ரிப்போர்ட்டு சரிதான் நர்ஸம்மா. மனசு கேக்க மாட்டேங்குதே. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

அத்தனை மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். அவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்த விளக்கமெல்லாம் சொன்னேன், எடுபடவில்லை. செல்லாயி தோட்டத்துப் பக்கம் திரும்பினாள்.

அப்போது உள்ளே வந்த செட்டியார் தானே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பசிக்குது. செல்லாயி வைக்கட்டும்."

அவள் சமைத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பரிமாறினாள். ஆச்சி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"என்ன கொழம்பு இது? உப்பே இல்ல. ஒரு வருசம் ஒக்காந்து தின்னா கை மறந்துபோகுமா? நாளைக்கும் இப்புடி வச்சியோ, பாரு!"

செல்லாயி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான். செட்டியார் ஏதும் புரியாதவர் போல இரண்டாவது தடவை குழம்பு கேட்டார்.

லேப் நெகடிவ் என்று எழுதிக் கொடுத்த அன்றே வேலை முடிந்தது என்று நீங்கள் கிளம்பிவிடாதீர்கள், பிள்ளைகளே. இன்னொரு முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். உங்கள் நோயாளியை யாராவது வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்தால், குணமாகிவிட்டது என்று தைரியமாக எழுதலாம்.