பங்கருக்கு இரண்டாவது வாசல்

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் அப்பா கொழும்பில் அகப்பட்டார். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்றரை நாள் அவரைத் தங்கள் அலுமாரிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. பிறகு அகதிக் கப்பலில் வடக்கே வந்து கரவெட்டியில் எங்களோடு சேர்ந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. அலுமாரிக் கதையை அம்மாதான் சொன்னாள். அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் இருந்த தாழ்ப்பாள்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார்.

ஏழு வருடம் கழித்து குண்டு போடும் பொம்மர்கள் வரத் தொடங்கின. வீட்டு வளவுக்குள் பதுங்குவதற்கு ஒரு பங்கர் வெட்டினோம். அப்பா அதற்குள் இறங்கவே மாட்டார். குண்டு விழும்போது பலாமரத்தடியில் குப்புறப் படுத்திருப்பார்.

ஒரு மத்தியானம் பொம்மர் சுற்றியபோது ஓடிப்போன நான் பங்கர் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இருட்டு.

"அம்மா, மூச்சு முட்டுது. என்னாலை ஏலாது."

அம்மா என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பொம்மர் போனதும் அப்பாவிடம் வெடித்தாள்.

"நீங்கள் பட்டது உங்களோடை போகட்டும். இவள் எந்த அலுமாரிக்குள்ளை இருந்தவள்? இவளுக்கு ஏன் மூச்சு முட்டுது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படி நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபம் அவர்மேல் அல்ல, அவரை ஒளிய வைத்தவர்கள்மேல். அங்கே அவருக்குச் செய்தது போதாதென்று இங்கே எனக்குள்ளும் வந்து குந்தியிருக்கிறார்களா? குழி தோண்டும் அலவாங்கை எடுத்துப் பங்கரின் மற்றப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினேன்.

"என்னடி செய்யிறாய்?" என்றாள் அம்மா.

"இன்னொரு வாசல் வைக்கப்போறன்."

அப்பா கிட்ட வந்தார்.

"அங்கை வெட்டாதை பிள்ளை, மண் சரியும். இஞ்சாலை வெட்டு."

இரண்டு நாள் இருவரும் வெட்டினோம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

"என்ன அண்ணை, பங்கருக்கு யன்னலும் வைப்பியளோ?"

"வைச்சாலும் வைப்பன்," என்றார் அப்பா. அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தப் பயம் என்னைவிட்டுப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். இன்றும் லிஃப்ட் கதவு மூடும்போது உள்ளங்கை வியர்க்கிறது. அதற்காக ஏறாமல் விட்டதில்லை.

புது வாசல் வெட்டி முடித்தபின் அடுத்த முறை பொம்மர் வந்தபோது நான்தான் முதலில் இறங்கினேன். "அப்பா, வெளிச்சம் வருது. வாங்கோ," என்று கத்தினேன். அவர் படியில் குந்தினார், எழும்பினார், மறுபடி குந்தினார். அடுத்த ஊரான நெல்லியடிப் பக்கம் குண்டு விழுந்து நிலம் அதிர்ந்ததும் உள்ளே வந்து என் கையைப் பிடித்தார்.

"அந்த அலுமாரிக்குள்ளை பூச்சி உருண்டை மணந்தது," என்று தொடங்கினார்.

பொம்மர் போய்விட்டதென்று அம்மா சொன்னாள். அப்பா நிறுத்தவில்லை. முழுவதையும் அவர் சொல்லி முடித்த பிறகுதான் மூவரும் வெளியே வந்தோம்.