கல் முடிகிற இடம்

கரை இடிந்து ஆற்றில் விழுந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைப்போம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஒரு வாழை, குலையோடு கொள்ளிடத்தில் போய்க்கொண்டிருக்கும். பெரியப்பா தோட்டத்தில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேட்டாலே உடம்பு அசந்துபோகிறது. துவாக்குடியில் வேலை முடிந்து, பஸ் மாறி ஊருக்குப் போய், கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதைத் தவிர என்னால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் போகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கம் எங்களுடையது, தண்ணீர் வந்து மோதி அறுக்கிற பக்கம். அறுத்ததைக் கொஞ்சம் தள்ளி, எதிரே ஸ்ரீரங்கத்துப் பக்கம் மணல்திட்டாகப் போட்டுவைக்கும். பெரியப்பா அக்கரைக் கோபுரத்தைப் பார்த்து, பெருமாளுக்கு இருக்கிற நிலம் பத்தாதாக்கும் என்று முணுமுணுப்பார்.

தாத்தா விட்டுப்போன படுகை நிலம் இரண்டு பங்கு. மேலண்டைப் பங்கு பெரியப்பாவுக்கு, ஆறு இறங்குகிற கீழண்டைப் பங்கு அவர் தங்கையான என் அத்தைக்கு. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள் அத்தை. அந்தப் பங்கில் போட்ட வாழைதான் அவளுக்குச் சோறு போட்டது. வருஷா வருஷம் இரண்டு பேர் கரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கருங்கல்லை லாரி லாரியாகக் கொண்டுவந்து தன் கரையில் கொட்டினார். அத்தையும் கூடமாட நின்று அடுக்கினாள். மேலே தடுத்துவிட்டால் கீழே தன் பங்குக்கும் காவல் என்றுதான் அவள் நம்பினாள். எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம்.

அடுத்த வெள்ளத்தில் பெரியப்பா கரையில் ஒரு பிடி மண்கூட அசையவில்லை. கல்லில் மோதிய தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடி, கல் முடிகிற இடத்தில் முழு வேகத்தோடு அத்தையின் கரைக்குள் புகுந்தது. பல வருஷம் தின்றிருக்க வேண்டியதை ஒரே மழைக்காலத்தில் தின்று தீர்த்தது. அத்தை கரையோரமாக நடந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வடிந்தபோது அவளுக்கென்று நிலமே மிச்சமில்லை. ஆற்றுக்கு எங்கேயாவது அறுத்தாக வேண்டும். பெரியப்பா தெரியாமல் அதை அவள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். ஊர் சும்மா இருக்குமா? தங்கச்சி நிலத்தை ஆற்றுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று பேசியது.

சில நாள் கழித்துப் பெரியப்பா கடப்பாரையோடு கரையில் இறங்கினார். நானும் கூடப் போனேன். முதல் கல்லைப் புரட்டும்போதே அத்தை ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லைப் பேத்தா எம்மண்ணு திரும்பி வந்துருமா அண்ணே? உன்னுதும்ல சேந்து போகும். அப்பா மண்ணு ஒரு பங்காச்சும் கெடக்கட்டும்."

பெரியப்பா அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து அழுதார். தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல்லி எவ்வளவோ மன்றாடினார். அத்தை கேட்கவில்லை. வேலைக்கு வேண்டுமானால் வருகிறேன் என்றாள். சொன்னபடியே வந்து, மற்ற ஆட்களோடு ஆளாக, அண்ணன் தோட்டத்தில் வாழைக்கட்டை நட்டாள். அவள் வேலைக்கு வருகிற நாட்களில் பெரியப்பா தோட்டத்துப் பக்கமே போகமாட்டார். போகப் போக எந்த நாளும் போகாமல் ஆனார்.

பெரியப்பா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தோட்டம் இப்போது அவர் மகனிடம் இருக்கிறது. அவனுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. இந்த ஆடியிலும் தண்ணீர் திறந்தார்கள், நானும் போனேன். எனக்கு முன்பே அத்தை கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. தண்ணி எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"அண்ணன் கரைக்கு ஒண்ணும் ஆகலப்பா" என்றாள்.