கூப்பிட்டால் வராத கிடேரிகள்

நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் பனி இறுகிவிட்டால், காய்ந்த புல்லைத் தின்று மாட்டுக்கு வயிறு நிறையும், சத்து சேராது. அதனால் டெல்மர் ஹ்ருஸ்கா தம் கறிமாடுகளுக்குப் பிண்ணாக்குக் கட்டி போடுவார். வண்டி ஹாரனை அடித்தால் போதும், பெரிய பசுக்கள் முட்டிமோதி முன்னால் வந்து நிற்கும்.

அந்த ஜனவரியில் கால்நடை மருத்துவரான மகள் ட்வைலா ஆய்வகத்திலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, நீங்க அனுப்பின மாட்டு ரத்தத்துல யூரியா நல்லாவே இருக்கு. அப்படின்னா தீனியில புரதம் தாராளம். கட்டியைப் பாதியாக்கிடுங்க."

"டாக்டரம்மா சொன்னா சரி."

பாதியாக்கினார். மாத முடிவில் தலைச்சினைக் கிடேரிகளுக்கு விலா எலும்பு துருத்தியது. ஒன்று படுத்தது, எழவில்லை. இப்படியே போனால் பிறக்கும் கன்றுக்கு எழுந்து நிற்கவும் தெம்பிருக்காது. ட்வைலா விரைந்து வந்தாள்.

"எந்த மாடுங்களுக்கு ரத்தம் எடுத்தீங்க?"

டெல்மர் பூட்ஸால் பனியைக் கிளறினார். "ஹாரனுக்கு வந்ததுங்களுக்கு."

"அதுங்கதானே மொத்தக் கட்டியையும் திங்குது! பின்னால ஒதுங்கி நிக்குதே, அதுங்களுக்கு எடுக்க வேண்டாமா?"

"மெலிஞ்சதுங்கடி. அந்தக் குளிர்ல இரும்புக் கூண்டுல அடைச்சு, வாலைத் தூக்கி ஊசி குத்த மனசு வரல."

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். எந்த மாடு என்று அவளும் கேட்கவில்லையே.

அன்றே கிடேரிகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவி, "மன்னிச்சுக்க தாயி" என்றார் டெல்மர்.

"என்கிட்ட ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?"

"நீ எப்ப மெலிஞ்சே?"

யூரியா அடிமட்டத்தில் இருந்தது. கிடேரிகளைத் தனி வேலிக்குள் பிரித்து முழு அளவு போட்டார்கள். அவை வண்டியைக் கண்டு மிரண்டதால், டெல்மர் அதைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டுச் சாக்கைத் தோளில் சுமந்தார். உங்களுக்கு இதயம் பலவீனம், வேண்டாம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. படுத்த கிடேரிக்கு எழும்வரை கையிலேயே ஊட்டினார்.

மார்ச்சில் அவரே போன் செய்தார்.

"படுத்துச்சே, அது ஈன்னுடுச்சு. கன்னு எழுந்து நிக்குது கண்ணு. மடியைத் தேடுது. இரு, கேளு."

போனைக் கன்றருகே பிடித்தார் போலும். காற்றிரைச்சல், நடுவே பால் சப்பும் சத்தம்.

"கேட்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, வேலை கிடக்கிறதென்று வைத்துவிட்டாள்.

அடுத்த வருட ஈற்றுக்கு அவர் இல்லை. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.