மைதானம் பூட்டிக் கிடந்த காலம்

போன கிழமை பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு கடைவாசலைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஈரச் சீமெந்து மணம். பக்கத்துக் கடையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் பொரியும் மணம். இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏற, நகைக்கடைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கு விசராகப் படலாம். எனக்கு அது பாரிசுக்குப் பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு கல்லூரி மைதானத்தின் மணம்.

நான் பாரிசுக்கு வந்த புதிது. சனிக்கிழமைகளில் எங்கள் பெடியள் அந்த மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் பந்தடிப்பார்கள். வில்லியே லே பெல்லில் என்னோடு ஒரே வீட்டிலிருந்த வசந்தியக்காவும் நானும் ரோல்ஸ் பொரித்து, சில்லுப் பூட்டிய இழுவைப் பையில் அடுக்கி, ரயிலேறிப் போய் விற்போம். அக்கா மற்ற நாட்களில் அலுவலகங்கள் துடைத்தார். ஊரிலிருக்கும் கணவரை இங்கே கூப்பிட, அரசாங்கத்துக்குப் போதிய வருமானம் காட்டவேண்டும். துடைக்கிற சம்பளம் போதவில்லை.

ஒரு சனிக்கிழமை போனால், வாசல் பூட்டு. உள்ளே இயந்திரங்கள் நிலத்தைக் கிண்டுகின்றன. அக்கா மதிலோரம் குந்திவிட்டார்.

"இவ்வளவு ரோல்ஸையும் என்னடி செய்யிறது?"

வேலியில் 'த்ரவோ' என்றொரு பலகை. திருத்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். என் பிரெஞ்சு அவ்வளவு தூரம் போகாது. 'வேலை' என்பது மட்டும் பிடிபட்டது.

"அக்கா, வேலைக்கு ஆள் எடுக்கினமாம்!"

"ஓமோ? அப்ப போய்க் கேள்."

கேட்டேன். போர்த்துக்கல்காரரான மேற்பார்வையாளர் என் சேலையையும் செருப்பையும் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பையை மோந்தார். ஒரு ரோல்ஸைக் கடித்தார். இயந்திரங்கள் நின்றன. பத்து நிமிடத்தில் பை வெறுமை.

"திங்கட்கிழமையும் கொண்டு வரச் சொல்லுறார், அக்கா."

அந்தத் திருத்த வேலை முடியும்வரை நாள்தோறும் மத்தியானச் சாப்பாடு எங்களுடையதுதான். ரோல்ஸ் சோறும் கறியுமானது. அக்கா துடைக்கிற வேலையை விட்டார், லா சப்பலில் சின்னக் கடை எடுத்தார், கணக்குக் காட்டினார். விமான நிலையத்தில் கணவரைக் கண்டதும் அழாமல், "மெலிஞ்சு போனியள்" என்று ஏசினார். நான்தான் அழுதேன்.

மைதானம் இன்று பச்சைக் கம்பளம். மின்விளக்கு, கதிரை, உள்ளேயே காப்பிக்கடை. மைதானத்துக்கு எதிரே சாராயக்கடை வைத்திருந்தவரும் வியாபாரம் பெருகி இரண்டாம் மாடி கட்டிவிட்டார். மைதான வாடகை ஏற, எங்கள் பெடியள் வேறெங்கோ போய்விட்டார்கள். திருத்த வேலை நடந்த அந்த நாட்களில், இரும்பு வேலிக்கு மேலால் மாலி நாட்டுக் கொத்தனார் ஒருவர் தட்டை நீட்டி, நாங்கள் பழக்கிய தமிழில், "அக்கா, உறைப்புக் காணாது!" என்று கத்துவார். அந்த வேலியும் இல்லை, அந்தத் தமிழும் இல்லை.