வெல்டிங் பழக வந்த பிள்ளைகளும் காவலுக்கு வந்த தாயும்

இனிப்பு டப்பாவோடு என் பட்டறைக்குள் நுழைகிறவனை நான் உடனே உட்காரச் சொல்வதில்லை. காரியம் இல்லாமல் எவனும் இனிப்பு வாங்க மாட்டான். புன்னைக்காயலிலிருந்து ஐந்தாம் வகுப்போடு கிளம்பி வந்து, துறைமுகச் சாலையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டவன் நான். விசைப்படகுக்காரர்கள், தோணிக்காரர்கள், சாகுபுரம் ஆலைக்குக் குழாய் வேலை எடுக்கிற ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் என் வாசலில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். நான் பற்றவைத்த இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தேயுமே தவிர, இணைப்பு விடாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

டப்பாவோடு வந்தவர் ஒரு தொண்டு அமைப்பின் பொறுப்பாளர். சின்ன வயது. நின்றுகொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, பாபநாசத்துக்கு மேல, அணையத் தாண்டி, காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைங்க மூணு பேரு. பன்னிரண்டாவது முடிச்சிருக்காங்க. பயிற்சி நிலையத்துல வெல்டர் படிப்புல சேக்கப் போறோம். அதுக்கு முன்னால ரெண்டு மாசம் உங்க பட்டறையில பழகினா நல்லாருக்கும்."

"நேரா சேத்தா என்னவாம்?"

"போன வருசம் வேற பிள்ளைங்கள நேராத்தான் சேத்தோம். ஒரு மாசத்துல மலைக்கே திரும்பிட்டாங்க. மெஷின் சத்தம், அளவு, டிராயிங், கூட இருந்த பசங்க கேலி, எல்லாம் ஒரே நாள்ல வந்து நின்னா யாருக்குத்தான் தாங்கும்? இந்த வருசமும் நிக்கலன்னா அடுத்து மலையிலருந்து யாரும் வர மாட்டாங்க."

பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் ஏதோ உறுத்தும். பயிற்சி என்று சொல்லி வேனில் ஏற்றிக்கொண்டு போய் மில்லில் இறக்கிவிட்ட ஆட்களை நான் அறிவேன். நேரடியாகவே கேட்டேன். "பழக்கி முடிச்ச பொறவு எந்தக் காண்ட்ராக்டர்ட்ட ஒப்படைக்கப் போற?"

அவர் சிரித்தார். "நானும் உங்களப் பத்தி விசாரிச்சிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி. சும்மா கிடைச்ச ஆளுன்னு எடுபிடி வேலைக்கு வச்சுக்கிடுவாரோன்னு."

என்னைச் சந்தேகப்படுகிறவன் ஓரளவுக்கு நல்லவனாகத்தான் இருப்பான். சரி என்றேன். சேர்க்கிற அன்று நானும் கூட வருவேன் என்று நிபந்தனையும் போட்டேன்.

மூன்று பேர் என்றார். நான்கு பேர் வந்தார்கள். ஒரு பெண் பிள்ளை, அவளுடைய சித்தி பையன்கள் இருவர். நான்காவதாக வந்தவளை யாரும் அழைக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவள்பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏளா, நீ யாரு?"

"ஏளான்னு கூப்பிடாதீய. எனக்குப் பேரு இருக்கு. அதச் சொல்லியும் நீங்க கூப்பிட வேண்டாம். நான் அவளுக்கு அம்மை."

"இங்கன உக்காந்து என்ன செய்யப் போற?"

"பாக்கப் போறேன்."

"என்னத்த?"

"உங்களத்தான்."

பட்டறையே சிரித்தது. என்னிடம் மூத்த வெல்டராக இருப்பவன், "அண்ணாச்சி, நம்ம பட்டறைக்கும் கேமரா வந்தாச்சு. கரண்டும் வேண்டாம்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவர்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளைத் தையல் பயிற்சி என்று கூட்டிக்கொண்டு போனார்களாம். போன இடத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. திரும்பி வரும்போது பாதி உடம்புதான் வந்ததாம். "அவுகளும் உங்கள மாதிரித்தான் நல்லாப் பேசினாவ" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக அவளை நம்பிவிட முடியுமா? நாளெல்லாம் ஒரு வேலையும் செய்யாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவளை யாரோ உட்காரவைத்திருக்க வேண்டும். பொறுப்பாளர்தான் என்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறாரோ என்று மூத்த வெல்டரைப் பேச்சுக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"நான் எங்க கேக்கது? உங்க முதலாளி பழக்கிவிட்டவங்க இப்ப எங்கன இருக்காங்க, அதுல பொம்பளப் பிள்ள எத்தனன்னு அவதான் என்னைய விசாரிக்கா."

என் பழக்குமுறை எனக்கே உரியது. மற்றவர்கள் காகிதத்தில் தொடங்குவார்கள். நான் தரையில் தொடங்குவேன். கேபிளை மிதிக்காமல் நடக்க வேண்டும். கிரைண்டர் சத்தத்துக்குள்ளும் தன்னைக் கூப்பிடுவது காதில் விழ வேண்டும். ஸ்கேலில் சின்னக் கோடு எது, பெரிய கோடு எது என்று கண் தானாகச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, அதே அளவுக்கு இரும்பை வெட்டி மேலே வைத்தால் கோடு வெளியே தெரியக் கூடாது. அந்தப் பெண் பிள்ளை இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். பையன்களுக்குத்தான் கூச்சம். என் ஆட்களில் ஒருவன், "ஏலே, உங்க ஊர்ல குரங்கு உண்டுமா?" என்று சீண்டினான்.

"உண்டு அண்ணாச்சி. ஆனா இம்புட்டுப் பேசாது" என்றான் பையன்களில் இளையவன். அதற்குப் பிறகு அவனை யாரும் சீண்டவில்லை.

மூன்றாவது வாரம் பிடிக்கிற வேலைக்கு விட்டேன். இரண்டு ஆங்கிள் இரும்பைச் சேர்த்து ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அங்கங்கே பொட்டு வைத்துப் பற்றவைப்பார். பற்றவைக்கிறவன் கையில் கறுப்புக் கண்ணாடி இருக்கும். பிடிக்கிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இந்தச் சாலையில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம். நானும் வருஷக்கணக்காக அப்படிப் பிடித்தவன்தான்.

மூத்த வெல்டர் பற்றவைக்க, அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டிருந்தாள். தாய்க்காரி டின்னை விட்டு எழுந்து வந்தாள்.

"பத்த வைக்கவனுக்குக் கண்ணாடி இருக்கு. பிடிக்கவளுக்கு எங்க?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டாப் போதும்."

"எல்லாப் பக்கமும் வெளிச்சம் அடிக்கி. எந்தப் பக்கம் திருப்புவா?"

"முப்பத்தஞ்சு வருசம் தொழில் பண்ணுனவனுக்கு நீ சொல்லித் தருவியோ? போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்று முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்க மூத்த வெல்டரும் நானும் போனபோது, நான்கு பேரும் பைகளோடு கேட்டில் நின்றிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் கண்மேல் ஈரத்துணி கட்டியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆர்க் அடித்திருக்கிறது. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல எரியும், தண்ணீராகக் கொட்டும்.

"எம் பிள்ள கண்ணக் கெடுத்துட்டிய" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள்ல சரியாப் போவும். இங்கன எல்லாருக்கும் வந்ததுதான். ஏலே, உனக்கு வரலியா?"

மூத்த வெல்டர் தலையைச் சொறிந்தான். "நாலஞ்சு தடவ வந்திருக்கு. உருளக்கிழங்க வெட்டி வச்சுக்கிட்டுப் படுத்தேன்."

"முதத் தடவையே கண்ணாடி வாங்கியிருந்தா மத்த தடவ வந்திருக்காதுல்லா?" என்றாள். 

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஆரம்பத்துலருந்தே கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தான் சாக்குத் தேடுத."

"சாக்குத் தேடுறவளா இருந்தா அவள மலையவிட்டே இறக்கியிருக்க மாட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இந்த வெக்கையில உக்காரணும்னு எனக்கு என்ன நேத்திக்கடனா?"

 அவள் பஸ் ஏறினால் பையன்களும் ஏறிவிடுவார்கள். பொறுப்பாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. இவர்களும் திரும்பிவிட்டால், இனி அந்த மலையிலிருந்து ஒரு பிள்ளையும் இந்தப் பக்கம் வராது. அதுவும் என் பட்டறையிலிருந்து திரும்பினார்கள் என்றல்லவா பேச்சு வரும்?

காரில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சொட்டு மருந்து விட்டார். ஆறிவிடும் என்றார்; திரும்பத் திரும்ப வந்தால் பார்வைக்கு நல்லதில்லை என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு ஓடியது.

"மத்தியான பஸ்ஸுக்குப் போயிருவோம்."

"நான் வரல."

"கண்ணு போனாத்தான் வருவியா?"

"இவரு பேசுததுல முக்காவாசி தற்பெருமை. அதத் தள்ளிட்டா மிச்சம் தொழில்தான். அத நான் இன்னும் முழுசாப் படிக்கல. நீ வேணா போ."

நான் ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினேன். முன்னால் வண்டி ஏதும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாய்க்காரி என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "கண்ணாடி?"

"இன்னைக்கே வாங்கிருதேன்."

"இவளுக்கு மட்டுமா, பிடிக்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"வாங்கி வைங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிடிக்கிறவருக்குக் கை சும்மா இருக்காது என்பதால், தலையில் மாட்டுகிற வகையாகவே வாங்கினேன். ஹெல்பருக்கெல்லாம் கிரீடம் வைத்தாச்சு என்று பக்கத்துப் பட்டறைக்காரன் நக்கலடித்தான். ஆனால் பிடிக்கிறவருக்கும் இடம் தெரிவதால் இரும்பு அசையவில்லை, வேலை சுத்தமாக வந்தது. இந்தச் சாலையில் இதை முதலில் கொண்டுவந்தவன் நான்தான். யாரும் மறுக்க முடியாது. மறுக்கக்கூடிய ஒருத்தி இப்போது இங்கே இல்லை.

அன்று பஸ் ஏறாமல் அவள் தங்கிவிட்டாள். ஒவ்வொரு தலைக்கவசத்தையும் தானே மாட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி டின்னில் உட்கார்ந்தாள்.

சேர்க்கிற நாள் வந்தது. பொறுப்பாளரின் வேனுக்குப் பின்னாலேயே என் காரை விட்டேன். ஏதாவது காண்ட்ராக்டர் ஷெட்டுக்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தேன். திரும்பவில்லை; நேராகப் பயிற்சி நிலையத்துக்குத்தான் போனது. அப்பாடா என்று இறங்கினால், அங்கே வேறு கதை. பையன்களை வெல்டர் என்று எழுதிக்கொண்ட அலுவலர், பெண் பிள்ளையைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினார்.

"தையல்ல இடம் இருக்கேம்மா. அது உனக்கு வசதியா இருக்கும்."

தையல் என்ற சொல் விழுந்ததும் தாய்க்காரியின் முகம் மாறிவிட்டது. பொறுப்பாளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்து வாசல் பக்கம் ஓர் எட்டு வைத்தும்விட்டாள். எனக்கும் பொறுப்பாளர்மேல் சந்தேகம் வந்தது. அவரோ என்னைவிட அதிகமாக வெளிறிப்போய் நின்றார்.

பிள்ளை கையை விடுவித்துக்கொண்டாள். "வெல்டர்னு எழுதுங்க சார்."

"கஷ்டமான வேலைம்மா அது."

"எங்கிட்ட ரெண்டு மாசம் நின்னவ ஐயா அவ!" என்று நான் போட்ட சத்தத்தில் வெல்டிங் வாத்தியாரே உள்ளேயிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பிள்ளையிடம் திரும்பினார்.

"பத்தவைக்கும்போது வெல்டிங் ராடு இரும்புல ஒட்டிக்கிட்டா என்ன செய்வ?"

"ஹோல்டர ஒரு ஆட்டு ஆட்டுவேன். வரலன்னா ராட ஹோல்டர்லருந்து விட்டுருவேன். இழுத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

"யாரு பழக்குனது?"

"நான்தான்" என்று முன்னால் வந்தேன்.

"பட்டறையில பழகி வாரவங்களுக்கு மொதல்ல பட்டறைய மறக்க வைக்கணும்" என்றார் அந்த மனுஷன். ஆனால் அலுவலரிடம், "வெல்டர்லயே போடுங்க. இடம் இருக்கு" என்றும் சொன்னார். அதனால் அவரை மன்னித்தேன்.

மூன்று பேரும் வெல்டிங் ஷெட்டுக்குள் போனார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன், வா என்று தாய்க்காரியைக் கூப்பிட்டேன்.

"நீங்க போங்க அண்ணாச்சி. எனக்கு இவருகிட்டக் கொஞ்சம் கேக்கணும்" என்று வாத்தியார் பக்கம் திரும்பினாள். "பொம்பளப் பிள்ளைய தங்குத எடம் எங்கன? கதவுக்கு உள்பக்கம் தாப்பா உண்டுமா? நீங்க இங்கன எத்தன வருசமா இருக்கிய?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "யாரு அண்ணாச்சி இந்தம்மா?"

"பேசுங்க, உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.