லிங்க் போய்ச் சேராதவர்கள்

பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிப் பிரிவில் அப்போது நான் தற்காலிக உதவியாளர். ஒப்பந்தம் முடிய ஒரு மாதமே இருந்தது. மாணவர்கள் போனில் படிக்கிறார்களா கணினியிலா, வைஃபை எப்படி, கணினிக்கூடம் திருப்தியா என்று கருத்துக் கேட்கும் வேலையைத் தந்தார்கள். பரீட்சை விடுமுறையில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் கேள்விகளுக்கான லிங்க் அனுப்பினேன். வந்த பதில்கள் பெரும்பாலும் "மிகத் திருப்தி". பிரிவுத் தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளிக்கிழமை நிர்வாகத்துக்கு அறிக்கை போகவேண்டும் என்றார்.

விடுமுறை முடிந்து, புதன்கிழமை பாஸ்வேர்டு மாற்ற ஒரு மாணவி வந்தாள். பதில் அனுப்பினாயா என்று சும்மாதான் கேட்டேன்.

"இல்லைங்க மிஸ். எங்க லயத்துல சிக்னலே இல்ல. போனும் அப்பாவோடது. வேலைக்குக் கொண்டு போயிருவாரு."

நானும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவள்தான். இணைய வசதி இல்லாதவர்களின் குறையை இணையத்திலேயே கேட்டிருக்கிறேன். தலைவரின் கதவுவரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். தப்பு என்னுடையது. இப்போது சொன்னால் ஒப்பந்தம் என்னாகும்?

வியாழன் மதியம், கேள்விகளைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு தோட்டத்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பிள்ளைகள் முழங்காலில் வைத்து எழுதினார்கள். அசைன்மென்ட் அனுப்ப மலை உச்சித் தண்ணீர்த் தாங்கிவரை ஏறுவதாக ஒருவன் எழுதியிருந்தான். "நாலு மணிக்கு லெக்சர் முடியுது, நாலு மணிக்கே லேப் பூட்டுறாங்க" என்று இன்னொருத்தி.

மறுநாள் அந்தத் தாள்களைத் தலைவரின் மேசையில் வைத்தேன்.

"இதை யார் செய்யச் சொன்னது?" சிங்களத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லலை, சேர். லிங்க் போய்ச் சேராதவங்க எழுதினது. அப்படிப் பிள்ளைகள் இருக்குன்னு புதன்கிழமைதான் தெரிஞ்சது."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"புதன்கிழமையே ஏன் சொல்லவில்லை?"

"பயமா இருந்தது, சேர்."

அவர் போனை எடுத்து, அறிக்கைக்கு இன்னொரு வாரம் கேட்டார். பிறகு தாள்களை என் பக்கம் தள்ளி, "இந்தப் பகுதியை நீங்களே எழுதுங்கள்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

நீடிப்புக் கடிதம் கடைசி நாள் பின்னேரம்தான் வந்தது, ஆறு மாதத்துக்கு. கணினிக்கூடம் இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணிவரை திறந்திருக்கிறது. மற்ற நாட்களுக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்க.