வஹாகாவில் எடுத்த படம்

மெக்சிகோவின் பழைய நகரமான வஹாகாவைச் சுற்றிப் பார்க்க நானும் கணவரும் சிட்னியிலிருந்து போயிருந்தோம். ஒரு தெருவில், பூக்கள் நிறைந்த முற்றமொன்று திறந்திருந்தது. சுற்றுலா இடமென்று நினைத்து உள்ளே போய்ப் படமெடுத்தேன்.

"இஞ்சரும், இது செத்தவீடு. கமராவை உள்ள வையும்," என்றார் கணவர்.

அப்போதுதான் பூக்களுக்கு நடுவே சவப்பெட்டியைக் கண்டேன். கறுப்புடை அணிந்த பெண்ணொருத்தி எங்களிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன்.

அவளோ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அம்மாவின் பிள்ளைகள் நாங்கள் பல வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் ஒன்றுசேர்ந்திருக்கிறோம். எங்களை ஒரு படம் எடுப்பீர்களா?" என்று கேட்டாள்.

எடுத்தேன்.

வீடு திரும்பியதும் அவள் தந்த மின்னஞ்சல் முகவரிக்கு அதை அனுப்பினேன். "அம்மாவைப் பார்க்க வந்ததற்கு நன்றி" என்று பதில் வந்தது. உண்மையில் எதற்காக உள்ளே போனேன் என்பதை அவளுக்கு நான் இன்னும் எழுதவில்லை.